காரின் ‘டொக்’ சத்தம்: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

பொள்ளாச்சிக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கேள்வியை மட்டும் தருகிறேன்.

“அண்ணா, என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் சின்னக் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக முன்பக்கம் இடது புறத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம். ஒரு ஒர்க் ஷாப்பில் நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு மெக்கானிக் லிங்க் ராட் மாற்றினார். சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இப்போது பிரேக் பிடித்து நிற்கும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரு ‘டொக்’ கேட்கிறது. இடது டயரின் உள்பக்கம் தேய்ந்திருப்பதாகப் பஞ்சர் கடைத் தம்பி சொன்னார். அடுத்த வாரம் மாமியார், குழந்தைகளோடு வால்பாறை போக இருக்கிறோம். போகலாமா? எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வால்பாறைக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் அந்தக் காரில் போக வேண்டாம். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முடியாதென்றால் பஸ்ஸிலோ வேறு வண்டியிலோ போய் வாருங்கள். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரங்களின் மேல் வந்து உட்காரும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் பிடிக்க வேண்டும், உடனே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும். உங்கள் கார் பிரேக் பிடிக்கும்போதுதான் சத்தம் போடுகிறது என்கிறீர்கள். காரணம் தெரியாமல் அந்தச் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

பயப்படவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இடது பக்க லோயர் ஆர்மின் புஷ். முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அதன் ஒரு முனை, எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். மறுமுனை இரண்டு ரப்பர் புஷ்கள் வழியாக வண்டியோடு சேர்ந்திருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நிற்கப் பார்க்கிறது, வண்டியின் உடல் முன்னே போகப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது அந்த ரப்பர்தான். ரப்பர் நன்றாக இருக்கும்வரை இழுபட்டுத் திரும்பிவிடும், சத்தமே வராது. கிழிந்துவிட்டால் கை முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பில் போய் இடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அந்த ரப்பர் இப்படித்தான் இழுபடுகிறது. அதனால்தான் உங்களுக்கு இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரி ‘டொக்’ கேட்கிறது. கை நகர்ந்தால் சக்கரம் பார்க்கும் திசையும் சிறிது மாறும். டயரின் உள்பக்கம் தேய்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். வெறும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் பார்க்கும் திசையைச் சரிசெய்வது) பார்க்காமல் விட்டாலும் அப்படித் தேயும் என்பதால், டயரை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

லிங்க் ராட் மாற்றிய மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். சத்தம் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தேய்ந்துதான் இருந்திருக்கும். வளைவில் கார் சாய்ந்துவிடாமல் பிடிக்க இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒரு கம்பி ஓடுகிறது, ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். அந்தக் கம்பியின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு சேர்ப்பது இந்த லிங்க் ராட். சின்னப் பாகம், விலையும் குறைவு, நம் சாலைகளில் சீக்கிரம் தேய்வதும் இதுதான். ஒன்றின் சத்தம் இன்னொன்றின் சத்தத்தை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. பெரிய சத்தம் அடங்கியதும் அடியில் இருந்தது கேட்கத் தொடங்கியது.

சரி, எந்தப் பாகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காரின் உடம்பு தகரம். ஓர் இடத்தில் வாங்கிய சத்தத்தை இன்னோர் இடத்தில் கொண்டுவந்து கொடுக்கும். வலது பக்க ஆட்டம் இடது காலடியில் கேட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் சத்தம் வரும் நேரம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. நீங்கள் ஆசிரியை, நோட்டு எழுதுவது உங்களுக்குப் பழக்கம். இரண்டு நாள் பள்ளிக்குப் போய் வரும்போது கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வீடு வந்ததும் நான்கு வரி எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் ‘முன்னாடி சத்தம் வருது’ என்று சொல்வதற்குப் பதில் அந்த நான்கு வரியைப் படித்துக் காட்டினால் அவருடைய பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் ஆட்டிப் பாருங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், பின்பக்கம் சத்தம் என்று வந்த ஒருவருக்கு இரண்டு ஷாக்கையும் மாற்றிக் கொடுத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்டெப்னிக் குழிக்குள் ஜாக்கிக் கம்பி உருண்டுகொண்டிருந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்றாலும், இன்றைக்கும் சத்தம் என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் டிக்கியைத்தான் திறக்கிறேன்.

நேரத்தை வைத்து நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். மெதுவாக, மணிக்கு பதினைந்து இருபதில், சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் ‘கடகட’வென்று பாத்திரம் உருட்டுவது போல் வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராட். பிரேக்கிலும் கிளம்பும்போதும் ஒரே ஒரு கனமான ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுவது போல் ‘டொய்ங்’ என்று வந்தால் ஷாக்குக்கு மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டின் பேரிங். திருப்பும்போது கதவுக் கீல் போலக் ‘கிரீச்’ என்றால் காய்ந்துபோன பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம். வேகம் கூடக் கூட ‘ஊ’ என்று ஏறும் ஒரே சீரான இரைச்சல் பெரும்பாலும் சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு சேர்த்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) சமாசாரமே அல்ல, வீல் பேரிங் அல்லது டயர். இதெல்லாம் முதல் சந்தேகம் மட்டும்தான். கழற்றுவதற்கு முன் கையால் ஆட்டிப் பார்த்து உறுதி செய்தே ஆக வேண்டும்.

புஷ் சந்தேகத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சமதளமான காலி இடத்தில் உங்கள் வீட்டுக்காரரை வண்டிக்குப் பக்கவாட்டில், நாலடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. நடக்கும் வேகத்தில் ஓர் அடி முன்னே போய்ப் பிரேக், ஓர் அடி பின்னே போய்ப் பிரேக் என்று நாலைந்து முறை செய்யுங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவர் கவனிக்கட்டும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இடது சக்கரம் மட்டும் பின்னாலோ முன்னாலோ தள்ளித் திரும்புவது கண்ணுக்கே தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. வலது பக்கமும் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் நல்ல ரப்பரும் ஒரு மயிரிழை அசையத்தான் செய்யும்.

அடுத்தது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். சஸ்பென்ஷனில் அதிகம் சத்தம் போடுபவை பெரும்பாலும் ஆபத்து குறைந்த பாகங்கள். லிங்க் ராட் கழன்று தொங்கினால்கூட வண்டி வளைவில் சாயும், அவ்வளவுதான். வீடு வந்து சேரலாம். பால் ஜாயிண்ட்டும் டை ராட் எண்டும் அப்படியல்ல. லோயர் ஆர்மோடு சக்கரத்தைச் சேர்ப்பது ஒன்று, ஸ்டீயரிங்கோடு சேர்ப்பது மற்றொன்று. இவை தேயும்போது மெல்லிய ‘டிக்’ சத்தம் வந்தாலும் வரும், வராமலே போனாலும் போகும். பால் ஜாயிண்ட் முழுதாகக் கழன்றால் சக்கரம் மடிந்து வெளியே விழுந்துவிடும். பல வருடத்துக்கு முன் ஒரு வாடகைக் கார் என் ஷெட்டுக்குள் நுழைந்து திரும்பும்போது அப்படி ஆனது. ஓட்டுநர் ‘ஸ்டீயரிங் கொஞ்ச நாளாக ஒரு பக்கம் இழுக்கிறது’ என்று சொல்லத்தான் வந்திருந்தார். அன்று காலைதான் ஊட்டியிலிருந்து இறங்கியிருந்தது அந்த வண்டி. அவரும் நானும் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதனால் நீங்கள் எந்த மெக்கானிக்கிடம் போனாலும், புஷ் எப்படி இருந்தாலும், இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாத நிலையில், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் பக்கம். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். ஜாயிண்ட்டின் மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நான் தொழில் கற்ற காலத்தில் அம்பாசடருக்கு அடியில் படுத்து ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் கன் வைப்பதுதான் பையன்களின் முதல் வேலை. இப்போதைய ஜாயிண்ட்டுகளில் பெரும்பாலும் நிப்பிளே கிடையாது. உள்ளே வைத்த கிரீஸ்தான் ஆயுசுக்கும். உறை கிழிந்து ஒரு மழைக்காலம் சேறு புகுந்தால் அதன் கதை முடிந்தது. இந்தச் சோதனையை வீட்டில் ஜாக்கி வைத்து நீங்கள் செய்யாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கே கூடாது.

மெக்கானிக்குகளும் கவனிக்க ஒன்று: லிங்க் ராடை ஒரு பக்கம் மட்டும் தூக்கி வைத்துப் பார்த்தால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துவிடும். ஆட்டம் இருந்தாலும் தெரியாது. நான்கு சக்கரமும் தரையில் நிற்க, குழியில் இறங்கிக் கையால் ஆட்டினால்தான் அது பேசும்.

இனி ஷாக். நான்கும் போய்விட்டது என்று சொன்னார்களே, எதை வைத்துச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்டீர்களா? ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. உள்ளே ஆயில், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு சிறு வழிகள். ஆயில் அந்த வழிகளில் சிரமப்பட்டுப் போய் வருவதுதான் அடக்கும் வேலை. ஆயில் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ டயர் மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும்போது தரையில் பிடிப்பு இல்லை, பிரேக் தூரம் நீளும். இது மெதுவாக, ஒரு வருடம் இரண்டு வருடமாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. உடம்பு பழகிக்கொள்கிறது. ஊரிலிருந்து வந்த தம்பி ஒருநாள் ஓட்டிவிட்டு ‘என்னக்கா, வண்டி தொட்டில் மாதிரி ஆடுது’ என்று சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மட்கார்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டு. ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் போனால் ஷாக் போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனால் நின்றுவிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அழுத்தும் வேகமும் சாலைக் குழி கொடுக்கும் வேகமும் ஒன்றல்ல. நான் அதைவிட டயரை நம்புகிறேன். வண்டியை நிறுத்தி, உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைச் சுற்றித் தடவுங்கள். ஓர் இடம் மேடு, ஓர் இடம் பள்ளம் என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால் பேலன்சிங்கையும் ஷாக்கையும் பார்க்க வேண்டும். பிறகு ஷாக்கின் மேல் ஆயில் கசிவு. லேசான ஈரம், அதில் ஒட்டிய தூசி, இது பெரிய குற்றமல்ல. பளபளவென்று நனைந்து கீழே வழிந்திருந்தால் அந்த ஷாக் முடிந்தது. ஒரு பக்கம் முடிந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் போனதற்காகப் பின்னாலும் மாற்றத் தேவையில்லை. இத்தனை கிலோமீட்டர் ஆனதும் ஷாக்கை மாற்ற வேண்டும் என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்வதில்லை. நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டி ஒரு லட்சம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. தோட்டத்துச் சாலையில் தேங்காய் மூட்டை ஏற்றிய வண்டி அதில் பாதிக்கு முன்பே கைவிட்டுவிடுகிறது.

ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்பதற்கு டேப் போதும். சமதளத்தில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் துரு தின்று அடிச்சுற்று ஒடிவது அதிகம். உங்கள் பக்கம் அவ்வளவு இல்லை.

புஷ்தான் என்று உறுதியானால் வேலை செய்யும்போது மூன்று விஷயங்களைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். முதலாவது, புஷ் மட்டும் அழுத்தி மாற்றுவதா, முழு ஆர்மையே மாற்றுவதா என்பது. உங்கள் வண்டி ஓடிய தூரத்துக்கு பால் ஜாயிண்ட்டும் சேர்ந்தே வரும் முழு ஆர்ம் கிடைத்தால் அதைப் போடுங்கள். ஒரே கூலி, ஒரே அலைன்மென்ட், மலைக்குப் போகும் மனசுக்கும் நிம்மதி. பெயர் தெரியாத மலிவு ஆர்ம் வேண்டாம். அவற்றின் ரப்பர் ஒரு வருடம் தாங்காமல் வெடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, புஷ் வழியாகப் போகும் போல்ட்டை எப்போது முழுதாக இறுக்குகிறார்கள் என்பது. இதைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். புது ரப்பர் சீக்கிரமே கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்து வைத்து, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. ‘அண்ணா, வண்டியை இறக்கிவிட்டு இறுக்குவீர்களா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட். ஆர்ம், டை ராட் எண்ட், முன் ஷாக் எது மாற்றினாலும் இது கட்டாயம். லிங்க் ராட் மட்டும் மாற்றினால் தேவையில்லை. உள்பக்கம் தேய்ந்த டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் அதன் காலம் முடிந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன ரப்பர் மேடுதான் அடையாளம், டயர் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்து உள் விளிம்பைப் பாருங்கள். கழற்றிய பழைய ஆர்மையும் கேட்டு வாங்கி, புஷ் எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். துரு பிடிக்காமல் இருக்க என்பார்கள், ஆனால் அது ரப்பரை ஊத வைத்து இளக்கிவிடும். கிரீச் சத்தம் இரண்டு நாள் நிற்கும், புஷ் சீக்கிரம் போகும். அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் சுகமாக ஏறி இறங்கலாம். நம் ஊர்த் தெருக்களில் சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறும் நொடியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், ஷாக்குக்கு மேலும் அமுங்க இடம் இருக்காது. முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். அடி தட்டும் என்ற பயம் இல்லாத இடத்தில் குறுக்கே வளைத்து ஏற்ற வேண்டாம். ஒரு சக்கரம் மேலே, மறு சக்கரம் கீழே என்று போகும்போது முறுக்கு முழுவதும் லிங்க் ராடில்தான் விழுகிறது.

வேலை முடிந்ததும் அதே பள்ளிச் சாலையில், அதே நோட்டோடு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்பதால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சர் கடைத் தம்பியே செய்து கொடுப்பார், ஐந்து நிமிட வேலை. சத்தம் வரவில்லை, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை என்றால் மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இறங்கி வரும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். சத்தம் மீண்டும் வந்தால், எப்போது வருகிறது என்று அந்த நான்கு வரியை எனக்கு எழுதுங்கள்.